டொம் என்றால் ஞாயிறு

பெரியப்பாவின் சீக்கோ வாட்சில் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று 'சன்'. சாவியை ஒரு சொடுக்கு இழுத்துத் திருப்பினால் அது நகர்ந்து 'டொம்' என்று வரும். இன்னும் திருப்பினால் 'மன்', அப்புறம் 'லுன்'. பள்ளிக்கூட லீவில் பட்டுக்கோட்டைப் பக்கம் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் திண்ணையில் சாய்ந்திருக்கும் நேரம் பார்த்து அந்தச் சாவியைத் திருகுவதுதான் எனக்கு வேலை. "இது என்ன பாஷை பெரியப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "அரபிடா. குவைத்துல வாங்குனதுல்ல, அதான். எல்லாரும் படிக்கணும்னு இங்கிலீஷ் எழுத்துல போட்டிருக்கான்" என்றார். நம்பினேன். எனக்கு அரபியில் கிழமை சொல்லத் தெரியும் என்று பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் அளந்தும் விட்டேன். டொம், லுன், மார், மியே.

பழைய வாட்ச் சேர்க்கும் கிறுக்கு எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம் இந்தத் திண்ணையைத்தான் சொல்வேன். ஆனால் கிறுக்கு முற்றியது சென்னைக்கு வந்து, கையில் கொஞ்சம் காசு புரண்ட பிறகு.

நான் முதலில் வாங்கியதும் ஒரு சீக்கோ 5. ஆரஞ்சு நிற டயல், கண்ணைப் பறிக்கும் வெள்ளை எண்கள், பளபளவென்று கேஸ் (வாட்சின் உலோகக் கூடு). இணையத்தில் 1,800 ரூபாய். விற்றவர் 'எழுபதுகளின் ஒரிஜினல்' என்று எழுதியிருந்தார். பார்சலைப் பிரித்த கையோடு, ஒரு கட்டட மாடிப்படிக்கு அடியில் கண்ணாடிப் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஐ-கிளாஸைக் கண்ணில் வைத்து அரை நிமிஷம் பார்த்தார். "வாட்ச் நல்லா ஓடும் சார். முகம்தான் வேற யாரோ வரைஞ்சது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் ஐ-கிளாஸை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பத்து மடங்கு பெரிதானதும் வெட்கக்கேடு தெரிந்தது. எழுத்துகளின் ஓரம் நேராக இல்லை, மை கசிந்த மாதிரி இருந்தது. நிமிஷக் கோடுகளில் இரண்டு பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. டயலின் அடி விளிம்பில், ஆறு மணிக்குக் கீழே, பொடி எழுத்தில் இருக்கவேண்டிய எண்ணைக் காணோம். கிழமைக்கும் தேதிக்குமான ஜன்னலின் ஓரத்தில் ஆரஞ்சுச் சாயம் தடித்துக் கிடந்தது. ஆலையில் அச்சடித்த டயலில் இந்த நாலில் ஒன்றுகூட நடக்காது.

இந்த மாதிரி வாட்சுகளுக்கு உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. பழைய டயலைச் சுரண்டி, புது நிறம் அடித்து, பெயரை மறுபடி அச்சிட்டு, மூன்று வாட்சுகளின் பாகங்களை ஒன்றாக்கி, பாலீஷ் போட்டு விற்பது. அந்தப் பெயரைக் கேலியாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் இருபது வருஷத்தில் ஒரு டயல் புள்ளி விழுந்து பழுத்துப்போகும். ஒரிஜினல் டயல் எளிதில் கிடைக்காத காலம். மகன் கல்யாணத்துக்கு வாட்ச் புதுசு மாதிரி இருக்கவேண்டும் என்று நினைத்தவர், நாலு காசு கொடுத்து டயலைப் புதுப்பித்துக்கொண்டார். அதில் ஏமாற்று எங்கே வந்தது? அதே டயலை 'ஒரிஜினல்' என்று எழுதி விற்பவனிடம்தான் வருகிறது. தொழில் தெரிந்த கையை விட்டுவிட்டு, பொய் எழுதிய கையைத் திட்டவேண்டும்.

சரி, ஆரஞ்சு வாட்சைத் திருப்பி அனுப்பவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன். அதை வைத்துத்தான் படித்தேன்.

சீக்கோவைப் படிப்பது மற்ற வாட்சுகளை விட எளிது. ஆரம்பிப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பின்மூடியில் நாலு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நாலு இலக்கம் இருக்கும். முதல் நாலு மெஷினின் எண். 6119, 6309, 7009 என்று. அடுத்த நாலு கேஸின் எண். டயலின் அடியிலும் இப்படி ஓர் எண் உண்டு. அதன் முதல் நாலு பின்மூடியோடு ஒத்துப்போகவேண்டும். பிந்தைய பாதி ஒத்துப்போகத் தேவையில்லை, அது டயலுக்கான தனி எண். இது தெரியாமல் நல்ல வாட்ச் ஒன்றைப் போலி என்று ஒதுக்கிவிட்டு ஒரு மாதம் வருந்தியிருக்கிறேன். மெஷினைத் திறந்தால் அங்கேயும் அதே எண் பொறித்திருக்கும். மூன்று இடமும் ஒன்றே பேசினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி சீரியல் எண். ஆறு இலக்கத்தில் முதலாவது, வருஷத்தின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண், அக்டோபருக்கு 'ஓ', நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. 1 என்றால் 1971-ஆ, 1981-ஆ? அதை வாட்ச் சொல்லாது. அந்த மெஷின் எந்தப் பத்தாண்டில் வந்தது என்பதை வைத்து நாம்தான் முடிவுசெய்யவேண்டும். 6309 என்றால் 1976-க்கு முன்னால் போகமுடியாது. பின்மூடியில் 'வாட்டர் ப்ரூஃப்' என்று இருந்தால் சுமார் 1970-க்கு முந்தியது; அதன் பிறகு 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று அடக்கி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்படித் துண்டு துண்டாகக் கிடைப்பதை ஒட்டவைத்துத்தான் பிறந்த தேதியைக் கண்டுபிடிக்கவேண்டும். ஜாதகம் கணிப்பது மாதிரி. ஆனால் இது பலிக்கும்.

எச்.எம்.டி.யில் இந்த வசதி கிடையாது. பின்மூடியில் எண் இருக்கும், அதை வைத்துச் சீக்கோ மாதிரி நொடியில் மாதம் சொல்லமுடியாது. டயலையும் மெஷினையும் கேஸையும் சேர்த்துப் பார்த்து மோப்பம் பிடிக்கவேண்டும். அதனாலேயே எனக்கு அதன்மேல் பாசம் அதிகம்.

1953-இல் பெங்களூரில் எந்திரக் கருவிகள் செய்ய அரசாங்கம் ஆரம்பித்த நிறுவனம் அது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் தொகுதியை நேரு வெளியிட்டார். தொடக்கக் கால டயல்கள் சிலவற்றில் எச்.எம்.டி., சிட்டிசன் என்று இரண்டு பெயருமே இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் கையை எடுக்காதீர்கள். ஆனால் ஐ-கிளாஸ் இல்லாமல் பணத்தையும் எடுக்காதீர்கள், இந்தக் காலத்தில் அதையும் வரைகிறார்கள்.

ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன் என்று அந்தப் பெயர்களைச் சொன்னாலே எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு மாமாவோ வாத்தியாரோ ஞாபகத்துக்கு வருவார். ஜனதா தினமும் சாவி கொடுக்கிற வாட்ச். 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. காதில் வைத்தால் நிதானமாக நடக்கும் சத்தம். காஞ்சன் ஆட்டோமேட்டிக், கிழமை தேதியோடு. மாப்பிள்ளைக்குக் காஞ்சன் போட்டால் பெண் வீட்டார் தாராளம் என்று பேச்சு. 'வெளிநாட்டு வாட்ச்' வேண்டும் என்றால் குவைத், துபாய் போனவர் யாராவது கொண்டுவரவேண்டும், இல்லாவிட்டால் மெட்ராஸ் பர்மா பஜாருக்குப் போகவேண்டும்.

பைலட்டின் கறுப்பு டயல்தான் அதிகம் வரையப்படுவது. பச்சை பைலட், நீல பைலட், ராணுவச் சின்னம் போட்ட பைலட் என்று சந்தையில் கொட்டிக்கிடக்கிறது. அழகாகத்தான் இருக்கும். கட்டிக்கொள்ள ஆசையாக இருந்தால் 500 ரூபாய்க்கு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், 5,000 கொடுக்காதீர்கள். ஜனதாவில் இன்னொன்று பார்க்கவேண்டும். பித்தளைக் கேஸின் மேல் குரோம் பூச்சு என்பதால், வார் மாட்டும் கொம்புகளின் உள்பக்கம், வியர்வை படும் இடத்தில், பித்தளை மஞ்சள் எட்டிப் பார்ப்பது இயல்பு. ஐம்பது வருஷ ஜனதா ஒன்று எங்குமே மஞ்சள் தெரியாமல் கண்ணாடி மாதிரி மின்னினால் சந்தேகப்படுங்கள். மறுபடி பூச்சு போட்டிருப்பார்கள். அதற்கு முன் மழுங்க மழுங்கத் தேய்த்திருப்பார்கள். கேஸின் கூர்மையான விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி உருண்டுபோயிருக்கும்.

1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே சாவி கொடுக்கிற வாட்சுக்கு நாள் குறித்தாயிற்று. நம் பக்கம் அது பரவலாகப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. டாட்டாவும் தமிழ்நாடு அரசு நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் வாட்சுகளைச் செய்து 1987-இல் கடைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு எச்.எம்.டி.யால் எழுந்திருக்க முடியவில்லை. 2016-இல் மத்திய அரசு வாட்ச் பிரிவை மூடும் முடிவுக்கு ஒப்புதல் கொடுத்தது. மூடுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்தே, அதுவரை யாரும் சீண்டாத பைலட்டை எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், மறைக்கவில்லை.

ஸ்விஸ் வாட்சுகளைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. 1865-லிருந்து பம்பாயில் வியாபாரம் செய்த ஃபாவ்ர் லூபா, சவார் பிரைமா என்ற பெயரால் பட்டாளத்துக்காரர்களிடம் புகழ்பெற்ற வெஸ்ட் எண்ட், மவுண்ட் ரோட்டு பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த டயல்கள் எல்லாம் தனிக் கதை. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். டயலில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பல கம்பெனிகள் மெஷினை ஏ.எஸ்., எஃப்.எச்.எஃப்., ஈ.டி.ஏ. போன்ற ஆலைகளிடம் வாங்கித் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டன. மெஷினுக்குள் முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீலுக்குப் பக்கத்திலோ அடியிலோ, ஒரு பொட்டு அளவுக்கு அந்த ஆலையின் முத்திரையும் எண்ணும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் வாட்ச் யார் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

இருட்டில் ஒளிரும் பழைய டயல்கள் இருந்தால் அவற்றைச் சாப்பாட்டு மேஜையில் திறக்காதீர்கள். அறுபதுகள் வரை அந்தப் பூச்சில் ரேடியம் கலந்திருந்தார்கள். 'இப்போது ஒளிரவில்லையே, தீர்ந்துபோயிருக்கும்' என்று ஒரு நண்பர் சொன்னார். தீர்ந்துபோனது ஒளிரும் ரசாயனம்தான். ரேடியத்தில் பாதி தீரவே 1,600 வருஷம் ஆகும். அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. ஆறு மணிக்கு அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஒற்றை 'டி' எழுத்து இருந்தால் அது டிரிடியம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும், அவ்வளவு பயம் வேண்டாம்.

பெரியப்பா 2019-இல் தவறினார். கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பும்போது பெரியம்மா அந்த சீக்கோவை ஒரு கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "நீதான் இதையெல்லாம் கட்டிக்கிட்டு அழுவுற. வச்சுக்க."

சென்னைக்கு வந்து ஆறு மாதம் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். லேசாக ஆட்டியதும் ஓடியது. இந்த மெஷினுக்குச் சாவி கொடுக்கமுடியாது, கை அசைந்தால்தான் உயிர். ஜன்னலில் பாதி 'சன்', பாதி 'டொம்' என்று நடுவில் நின்றிருந்தது. வாட்ச் படிக்கக் கற்றுக்கொண்டவனாக அதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். டொம், லுன், மார், மியே. அது அரபி இல்லை, ஸ்பானிஷ். வளைகுடாவில் விற்ற சீக்கோக்களில் அரபிக் கிழமையை அரபி எழுத்திலேயே போட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவை என்னிடமே இரண்டு இருக்கின்றன. சரி, குவைத் கடையில் ஸ்பானிஷ் வாட்ச் ஒன்று வந்து விழுந்திருக்கலாம், உலகத்தில் நடக்காததா என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பின்மூடியைத் துடைத்தேன்.

7009. சீரியல் எண் 4-இல் ஆரம்பித்தது. அடுத்து 'என்'.

நவம்பர் மாதம். 7009 எழுபதுகளின் பிற்பாதியில் வந்த மெஷின் என்பதால் 1974 கிடையாது. அக்கா கல்யாணம் 1988. அந்த ஃபோட்டோவில் பெரியப்பா கையில் இதே வாட்ச் இருப்பதால் 1994-உம் கிடையாது. மிஞ்சுவது 1984 நவம்பர். பெரியப்பா குவைத்தில் இருந்தது 1976 முதல் 1982 வரை. 'மொத ரெண்டு வருஷச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு 78-ல வாங்குனது' என்று அவர் சொல்லாத விசேஷ வீடு எங்கள் சொந்தத்தில் இல்லை.

பின்மூடி மாறியிருக்கும் என்று நினைத்தேன். பெரியப்பாவைக் காப்பாற்ற அந்த ஒரு வழிதான் இருந்தது. ரப்பர் பந்தை அழுத்திப் பிடித்துத் திருகி மூடியைத் திறந்தேன். மெஷினும் 7009, டயலும் 7009. பிரச்சினை மூடியின் உட்புறத்தில் இருந்தது. பழுதுபார்ப்பவர்கள் சர்வீஸ் செய்த தேதியை ஊசியால் அங்கே கீறி வைப்பது வழக்கம். மூன்று கீறல்கள் இருந்தன. ஆகப் பழையது 3-86. புது வாட்ச் ஒன்றரை வருஷத்துக்குள் சர்வீஸுக்குப் போகாது. யாரோ கட்டிப் பழகிய வாட்ச் அது, கைமாறி வந்தது.

இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் அடுத்த தடவை ஊருக்குப் போனபோது வாய் சும்மா இருக்கவில்லை. பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பெரியப்பா அந்த வாட்சை எப்ப வாங்குனாரு பெரியம்மா?" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"எந்த வாட்சு? மொதல்ல இருந்ததா, இப்ப உங்கிட்ட இருக்கறதா?"

இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 1985-இல் கிணற்று மோட்டார் காயில் எரிந்துபோனது. நாற்று காய்ந்துகொண்டிருந்தது. நகையெல்லாம் ஏற்கெனவே பேங்கில். "கழட்டிக் குடுத்துட்டு வந்துட்டாரு. எங்கிட்டகூட சொல்லல. அதுக்கப்பறம் நாலு மாசம் வெயில்லயும் முழுக்கைச் சட்டை. குவைத்துக்காரர்னு பேரு எடுத்துட்டு வெறுங்கையோட எப்புடிப் போறது? மெட்ராஸ்ல எதோ ஒரு கடையில அதே மாதிரி பழசு ஒண்ணு பாத்து வாங்கிட்டு வந்தாரு."

"அதுல கிழமை அரபியில இருந்துச்சா?"

"வளைஞ்சு வளைஞ்சு இருக்கும். இதுல அப்புடி இல்லையேன்னு நாங்கூடக் கேட்டேன். வித்தவன் இதுவும் அரபிதான்னு சொன்னான்னாரு." கீரைக் காம்பை ஒடித்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். "ஆறு வருஷம் அங்க இருந்துட்டு வந்த மனுஷனுக்கு அரபி எது, இங்கிலீஷ் எதுன்னு தெரியாதா தம்பி?"

அக்காவுக்கு இது தெரியாது. அவள் வீட்டில் இன்னமும் அது குவைத் வாட்ச்தான். நானும் அப்படியே விட்டுவிட்டேன். என் நோட்டில் ஒவ்வொரு வாட்சுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மெஷின் எண், டயல் எண், தயாரித்த மாதம், எது மாற்றப்பட்டது என்றெல்லாம் எழுதிவைப்பேன். இந்த வாட்சின் பக்கத்தில் 'டயல், முள், மெஷின், கேஸ் எல்லாம் ஒரிஜினல்' என்று எழுதினேன். என்னிடம் இருக்கும் நாற்பதுக்கும் மேலான வாட்சுகளில் அப்படி எழுத முடிந்தவை ஏழுதான்.

கிளம்பும்போது பெரியம்மா இன்னொன்றும் சொன்னார். முதல் வாட்ச் ஒருதடவை கிணற்று மேடையில் இடித்து, இரண்டு மணிக்கு நேராக, விளிம்பில் நகத்தால் கிள்ளிய மாதிரி ஒரு வெட்டு விழுந்ததாம். அதைப் பார்த்துப் பெரியப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லையாம்.

அதிலிருந்து விற்பனைக்கு வரும் சீக்கோக்களை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அரபி எழுத்துச் சக்கரம், 7 அல்லது 8-இல் ஆரம்பிக்கும் சீரியல் எண். கிடைக்காது என்று தெரியும். 1985-இல் விற்ற வாட்ச் இத்தனை வருஷத்தில் எத்தனை கை மாறியிருக்கும்? யாராவது பாலீஷ் போட்டிருந்தால் அந்த வெட்டும் போயிருக்கும். போன வாரம் மதுரையிலிருந்து ஒருவர் ஒன்றைப் பதிவிட்டிருந்தார். அரபிச் சக்கரம், எண் 8-இல் ஆரம்பிக்கிறது, டயலில் புள்ளி விழுந்திருக்கிறது, பாலீஷ் போடாத கேஸ். படத்தில் இரண்டு மணிப் பக்கம் விரல் மறைக்கிறது. விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.